மதுரையிலிருந்து கோவைக்கு ஹெரால்டில், மகளோடு: பழைய கார் கூடுகைக்குப் போகிறோம், யோசனை சொல்லுங்கள்

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு. அப்பா வாங்கி ஓட்டிய கார். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து, இப்போது ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. அடுத்த மாதம் கோவையில் பழைய கார் ஆர்வலர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிறார்கள். அதற்கு இந்தக் காரை ஓட்டிக்கொண்டே போக ஆசை. லாரியில் ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை.

மகளுக்கு 12 வயது. நானும் வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகச் சுமார் 230 கிலோமீட்டர். சனிக்கிழமை போய், திங்கள் திரும்பலாம் என்று திட்டம். கார் தாங்குமா என்பது ஒரு பக்கம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இப்படிப் போக என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பதுதான் என் முதல் கேள்வி. வீட்டில் அவள் அம்மாவுக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

பழைய ஸ்பானர் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. ஹெரால்டு நம்ம சென்னைக் கார். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் செய்தது. 948 சிசி இன்ஜின்தான், ஆனால் நிதானமாக ஓட்டினால் கோவை என்ன, அதற்கு மேலும் போகும்.

ஒரே ஒரு விஷயம், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முன் சக்கரத்தில் கீழ்ப்பக்கம் பித்தளையில் ட்ரன்னியன் என்று ஒன்று இருக்கும். செங்குத்தாக வரும் இரும்புக் கம்பியின் மரை அதற்குள் திரும்பும். ஸ்டியரிங் திருப்பும்போது எடை முழுவதும் அந்த மரையில்தான் நிற்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் நாளடைவில் கட்டியாகிவிடும், மேலே மரை வரைக்கும் ஏறாது. உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். ஒரு நாள் அந்தக் கம்பி முறிந்து சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும். பல ஒர்க் ஷாப்களில் நிப்பிளை (எண்ணெய், கிரீஸ் ஏற்றும் முனை) கண்டதும் கிரீஸ் கன்னை எடுத்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று தடுங்கள். முடிந்தால் கிளம்புவதற்கு முன் கழற்றி, மரையைக் கண்ணால் பாருங்கள். பிள்ளை உட்காரப்போகிற காரில் இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் பின் அச்சு. ஹெரால்டில் ஸ்விங் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சு. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டு பிரேக் அடித்தால் பின் சக்கரம் உள்ளே மடங்கும். 1970-களில் அதே கம்பெனியில் வந்த கேசல் மாடலுக்கு கெட்டி அச்சாக மாற்றிவிட்டார்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், உள்ளே போனபின் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். நாலு சக்கரமும் டிரம் பிரேக் என்பதால் முன்னால் போகிற பஸ்ஸிடம் நெருங்கவே வேண்டாம்.

காவிரி அம்மா எழுதியது:

எனக்கு கார்களைப் பற்றி அதிகம் தெரியாது. என் கணவர் இங்கே எழுதுபவர், நான் படிப்பவள். இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

அந்தக் காலத்துக் காரில் சீட் பெல்ட்டே இருக்காது, இல்லையா? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம், மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், நான்கு வழிச்சாலையில் பின்னால் லாரி வரும்போது பெல்ட் இல்லாமல் என் பிள்ளையை உட்கார வைக்க மாட்டேன். "நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்" என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். நாம் வளர்ந்தபோது சாலையில் யாரும் 120-ல் போகவில்லை.

பழைய ஸ்பானர் எழுதியது:

அம்மா சொல்வதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. பெல்ட் பொருத்தலாம். ஆனால் வெறும் தரைத் தகட்டில் போல்ட் போட்டால் போதாது. ஹெரால்டில் பாடி தனி, சேஸி என்ற அடிச்சட்டம் தனி. தகடு ஐம்பது வருஷத்துத் தகடு, இழுத்தால் கிழிந்துவிடும். அடியில் கெட்டியான இரும்புத் தட்டு வைத்து, சேஸி உறுப்பை ஒட்டிய இடமாகப் பார்த்து இறுக்க வேண்டும். இதைத் தெரிந்தவர் கையால் செய்யுங்கள். பாப்பாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள்.

டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பழசு என்றால் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை 44 எழுதியது:

ஒரு சந்தேகம். காருக்கு 50 வருஷம் தாண்டிவிட்டதே, 2021-ல் வந்த வின்டேஜ் பதிவை வாங்கிவிடலாமே? பத்து வருஷத்துக்குச் செல்லும், பெருமையாகவும் இருக்கும்.

ஆர்சி புக் எழுதியது:

வேண்டாம், அவசரப்பட வேண்டாம். அந்த விதியில் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. பணம்கூடப் பரவாயில்லை. வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் சாதாரணமாகச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, இதற்குத்தான் அனுமதி. கூடுகைக்குப் போகலாம், சரி. அடுத்த வாரம் பாப்பாவை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போக முடியாது.

ஓட்டுவதற்காக வைத்திருப்பவர்கள் வழக்கமான எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே நல்லது. 20 வருஷம் தாண்டிய காருக்கு இப்படிப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அது சுமைதான். ஆனாலும் காரைக் காராகவே வைத்திருக்கலாம். 

தென்னந்தோப்பு எழுதியது:

நம்ம ஊர் வழியா வர்றீங்க, சந்தோசங்க. பழனி தாண்டினா ரோட்டுல கொஞ்ச நேரம் காரை ஓரங்கட்டி பாப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லுங்க. ஜி.டி. நாயுடு 1920-ல ஒரே ஒரு பஸ்ஸை வெச்சு ஓட்ட ஆரம்பிச்சது இந்தப் பொள்ளாச்சி - பழனி ரோட்டுலதான். அவரே டிரைவர். அதுதான் பின்னாடி யுஎம்எஸ் கம்பெனி ஆச்சு. பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில விட்ட மனுசன், மெஷினைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் கத்துக்கிட்டாரு. கோவையில அவினாசி ரோட்டுல அவங்க டிரஸ்ட் நடத்துற கார் மியூசியம் இருக்குதுங்க. கூடுகை முடிஞ்சதும் பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுங்க. பஸ் ஓடின ரோட்டுல வந்துட்டு அங்க போனா அது வேற மாதிரி இருக்கும்.

உடுமலை பக்கம் குறுக்குக் காத்து அடிக்கும், காத்தாடி நிக்கிற இடமெல்லாம். லேசான வண்டி, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிங்க. பொள்ளாச்சியில ஏதாச்சும் ஆச்சுன்னா இங்க ஒரு செய்தி போடுங்க, அரை மணியில வந்துடறேன்.

செங்குன்றம் எழுதியது:

என் அப்பா என்னைச் சோழவரம் ரேஸுக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம் அது. அம்பாசடரில், பின் சீட்டில் புளிசாத மூட்டையோடு நான். ரேஸில் யார் ஜெயித்தார் என்று ஒன்றும் நினைவில்லை. பெட்ரோல் வாசனையும், அப்பா யாரிடமோ இன்ஜினைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கிறது. நான் பக்கத்தில் நின்றேன். என்னிடம் யாரும் எதையும் தொட்டுப் பார் என்று சொல்லவில்லை. பின்னால் அந்த அம்பாசடர் எனக்கு வந்தது. அதைத் திறக்கத் தெரியாமல் விற்றேன்.

பிள்ளையைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் அவள் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் கூட்டிப்போனால் மதியத்துக்குள் போன் கேட்பாள்.

பியட் வீட்டுப் பெண் எழுதியது:

செங்குன்றம் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் பத்மினி இருந்தது. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் லிவர் இருக்குமே, அந்த மாடல். கூடுகைகளுக்கு அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிப்போவார். இன்ஜினில் ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனைகளுக்கு இடைவெளி வைக்கத் தெரிந்தவள் நான். வருகிறவர்கள் கேள்வி கேட்பது தம்பியிடம். அவனுக்கு கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாது, பாவம், நெளிவான்.

அண்ணே, அங்கே யாராவது உங்களிடம் காரைப் பற்றிக் கேட்டால், மகளுக்குத் தெரிந்ததை அவளையே சொல்ல விடுங்கள். அந்தச் சில நிமிடம் நீங்கள் பேசாமல் இருப்பது பெரிய உதவி.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ட்ரன்னியனைக் கழற்றியாயிற்று. இடது பக்கத்து மரையில் துரு இருந்தது, கம்பியையும் பித்தளையையும் சேர்த்தே மாற்றிவிட்டேன். பின் சீட்டில் இரண்டு பெல்ட், முன்னால் இரண்டு. அடியில் தட்டு வைத்த இடத்தை அவள் அம்மா குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். போய் வந்து எழுதுகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

போய் வந்தாயிற்று. விரிவாகவே எழுதுகிறேன், கேட்டவர்கள் பலர்.

கிளம்புவதற்கு முந்தைய வாரமே அவளுக்கு வேலை கொடுத்துவிட்டேன். ஹெரால்டின் பானெட் தெரியும்தானே, மட்கார்டு உட்பட மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். திறந்துவிட்டால் இன்ஜின் இரண்டு பக்கமும் வெட்டவெளி. முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 12 வயதுப் பிள்ளைக்கு இதைவிட வசதியான கார் இருக்க முடியாது. டயர் மேல் உட்கார்ந்து, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தாள். உள்ளே சுழலும் ரோட்டரைக் கழற்றினாள். இன்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்ட் முழுவதும் விரிந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்தோம். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) தகட்டை நுழைத்து, "உரசணும், ஆனா இறுகக்கூடாது பாப்பா" என்றேன். முதலில் தகடு தொளதொளவென்று போனது. ஸ்க்ரூவை ஒரு மயிரிழை திருப்பினாள், மாட்டிக்கொண்டது. மறுபடி கொஞ்சம் தளர்த்தினாள். தகடு எண்ணெய் தடவியதுபோல் நழுவி வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த உணர்வைச் சொல்லித் தர முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பிளக் வயர்களை, சிலிண்டர்கள் வெடிக்கும் 1-3-4-2 என்ற வரிசையில் அவளே மாட்டினாள்.

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். ஹெட்லைட் மங்கல், அதனால் இரவில் ஓட்டுவதில்லை என்று முன்பே முடிவு. திண்டுக்கல் வரை நான்கு வழிச்சாலையில் இடது ஓரமாக 55, 60. பின் சீட்டில் அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு ஊரிலும் நேரம், மீட்டர், நான் தனியாகப் பொருத்திய டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது, போட்ட பெட்ரோல் எல்லாம் அதில் ஏறும். முள்ளை நான் படித்துச் சொல்ல வேண்டும். மறந்தால் பின்னாலிருந்து குரல் வரும்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். பழனிக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் காரைச் சுற்றிவந்து, அவருடைய ஊர் டாக்டர் வைத்திருந்த கார் இது, பிரசவத்துக்கு நடுராத்திரியில் இதில்தான் வருவார் என்றார். சின்ன இடத்தில் திரும்புமே, இப்போதும் திரும்புமா என்று கேட்டார். ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். கடைக்கு முன்னாலிருந்த மண் தரையில் ஒரே சுற்றில் திருப்பிக் காட்டினேன். அவர் கைதட்டினார்.

பழனி தாண்டி, தென்னந்தோப்பு சொன்னபடி ஓரங்கட்டி, நாயுடு பஸ் ஓட்டிய கதையைச் சொன்னேன். "அப்போ பஸ் நின்னுபோனா யாருப்பா சரி பண்ணுவாங்க?" என்றாள். அவரேதான் என்றேன். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

கூடுகையைப் பற்றி. நல்ல கார்கள் வந்திருந்தன. பியட், அம்பாசடர், மோரிஸ் மைனர், சில பெரிய அமெரிக்கக் கார்கள், ஜீப்புகள். ஆனால் பெரும்பாலான கார்களைச் சுற்றிக் கயிறு. தொடாதீர்கள் என்று அட்டை. பெயின்ட் போய்விடும் என்ற கவலை புரிகிறது, லட்சக்கணக்கில் செலவழித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே வந்திருந்த பிள்ளைகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கயிறு கட்டவில்லை. பானெட்டைக் கவிழ்த்து வைத்தோம். பியட் வீட்டுப் பெண் சொன்னது அப்படியே நடந்தது. ஒருவர் என்னிடம் வந்து பேட்டரிக்குச் சார்ஜ் தருவது டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று கேட்டார். நான் மகளைக் காட்டினேன். அவள் "டைனமோங்க" என்று சொல்லிக் கையையும் நீட்டிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் டயர் மேல் ஏறி உட்கார நாலைந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பிளக் வயர் வரிசையை அவள் சொல்ல, அதுகள் திருப்பிச் சொன்னதுகள்.

அன்று மாலையில் மியூசியத்துக்கும் போனோம். அங்கே அவள் பார்த்ததைத் தனியாக ஒரு இழையில்தான் எழுத வேண்டும்.

திங்கள் திரும்பும்போது மடத்துக்குளம் பக்கம் உச்சி வெயில். ஒரு லாரிக்குப் பின்னால் நெடுநேரம் ஊர்ந்து, நின்று, மறுபடி எடுக்கும்போது இன்ஜின் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பானெட்டைத் திறந்தால் அனல். பெட்ரோல் பம்ப்பின் மேலிருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் இல்லை, ஆவி மட்டும். வேப்பர் லாக், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிட்டது. துண்டை நனைத்துப் பம்ப் மேல் போட்டோம். தண்ணீர் பாட்டிலை அவள் வைத்திருந்தாள், சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் ஆறியதும், பம்ப்புக்குக் கீழே கையால் அடிக்கிற சின்ன லிவர் இருக்கிறதே, அதை அவளிடம் விட்டேன். மேலும் கீழும் அடித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நுரையாக ஏதோ வந்தது. "வருதுப்பா, வருது!" என்றாள். கிண்ணம் நிரம்பியது. லிவர் கனத்துப்போனதை அவளே சொன்னாள். ஸ்டார்ட் ஆகிவிட்டது. திண்டுக்கல் வரை ஒரு சிரமமும் இல்லை.

நோட்டுக் கணக்கில் லிட்டருக்குச் சராசரி 13 கிலோமீட்டர். அவள் வகுத்துப் பார்த்தது.

பழைய ஸ்பானர் எழுதியது:

படித்து மனசு நிறைந்துவிட்டது தம்பி. பாயிண்ட் வைக்கிற மெக்கானிக் இப்போது எங்கள் பகுதியில் யாருமே இல்லை. நான் போனபின் என் பெட்டியிலிருக்கும் ஃபீலர் கேஜ் எதற்கென்று என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் தெரியும்.

வேப்பர் லாக்குக்கு: பெட்ரோல் பைப், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிறதா பாருங்கள். போனால் விலக்கிக் கட்டுங்கள், நடுவில் ஒரு தகடு மறைப்பும் கொடுங்கள். இன்னொன்று, இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறி உப்பிப்போகும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிவு என்பது தீ. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில், டிக்கியில் இல்லை, முன் சீட்டுக்குக் கீழே இருக்கட்டும்.

காவிரி அம்மா எழுதியது:

பெல்ட் போட்டதற்கு நன்றி. அம்மா டார்ச் அடித்துப் பார்த்தார் என்று படித்ததும் எனக்கும் நிம்மதி. அடுத்த முறை அவரையும் கூட்டிப்போங்கள், சீட் இருக்கிறதே.

தென்னந்தோப்பு எழுதியது:

பொள்ளாச்சிய ரெண்டு தடவை தாண்டியும் ஒரு செய்தி போடலையேங்க. எளநி வெட்டி வெச்சிருந்தேன்.

மார்க் 4 எழுதியது:

எனக்கு அம்பாசடர், மகனுக்கு 9 வயது. இதைப் படித்துவிட்டு அடுத்த கூடுகைக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். சேலத்திலிருந்து கிளம்புவோம். 9 வயதுப் பையனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? பாயிண்ட் வைப்பதெல்லாம் அவனுக்கு முடியாது.

வைகைக்கரை எழுதியது:

நோட்டைக் கொடுங்கள், அது எந்த வயதுக்கும் ஆகும். காலையில் கிளம்பும் முன் டிப்ஸ்டிக்கைத் துடைத்து ஆயில் மட்டம் பார்த்துச் சொல்லட்டும், ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவிடாதீர்கள். டயர் பிரஷர் கேஜ் ஒன்று வாங்கிக் கொடுத்தால் வழியெல்லாம் அளந்துகொண்டே வருவான். அம்பாசடரில் பின் சீட் அகலம், பெல்ட்டை மறக்காதீர்கள். பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்தால் இன்னும் நல்லது என்று மகள் எழுதச் சொல்கிறாள். எங்கள் வீட்டில் அடுத்த தடவை மூன்று பேர்.